எடை மேடைத் திரைக்கு முனை உருண்ட எழுத்துரு சரிவருமா?

சிப்புட் நிரலன்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) ஆலையில் லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்கு மென்பொருள் எழுதுகிறேன். குலை ஏற்றி வரும் லாரியின் எண், மொத்த எடை, வெற்று எடை, நிகர எடை, ஓட்டுநர் பெயர் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி (எழுத்தர்) அக்கா நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறார். இப்போதுள்ள எழுத்து கண்ணை உறுத்துகிறது என்கிறார். நான் நிரல் எழுத மேப்பிள் மோனோ என்ற எழுத்துரு வைத்திருக்கிறேன். சம அகலம், முனையெல்லாம் உருண்டை, எவ்வளவு நேரம் பார்த்தாலும் இதமாக இருக்கிறது. அதையே அங்கேயும் போடலாமா? திரை பழசு, 1366க்கு 768 பிக்சல்.

ஈப்போ அண்ணன்:
தம்பி, நிரலுக்கு அது அருமையான தேர்வு. எடை மேடைக்குப் போடும்முன் லாரி எண்களை அடித்துப் பாருங்கள். எல்லோரும் முதலில் தேடுவது சுழியமும் ஆங்கில ஓவும் தனித்தனியாகத் தெரிகிறதா என்பதைத்தான். ஆனால் நம் மலேசிய வண்டி எண்களில் ஆங்கில ஐ (I), ஓ (O) இரண்டும் வழக்கமாக வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்றே விட்டுவிட்டார்கள். உங்களுக்கு ஆபத்து பி-யும் (B) 8-உம். சிலாங்கூரில் பதிவான லாரி எல்லாம் பி-யில்தானே தொடங்கும்! பி-யைக் காட்டிக்கொடுப்பது அதன் இடப்பக்க நேர்கோடும் மேலும் கீழும் உள்ள மூலைகளும். அந்த மூலைகளைச் சற்று அதிகமாக உருட்டினால் தூரத்தில் எட்டாகத் தெரியும். டி-யும் (D) சுழியமும், எஸ்-உம் (S) 5-உம் அப்படியே. கோட்டின் முனையை மட்டும் உருட்டிய எழுத்துரு நல்லது. எழுத்தின் மூலையையே வளைத்தது வேண்டாம்.

அளவும் முக்கியம். சம அகல எழுத்துருக்கள் பலவற்றில் ஓர் எழுத்தின் அகலம் எழுத்தளவில் பத்தில் ஆறு பங்கு. 15 பிக்சல் வைத்தால் 9 பிக்சல்தான் கிடைக்கும். கோட்டின் தடிமன் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல். அதன் நுனியில் உருண்டைக்கு இடம் ஏது? மங்கலான சாம்பல் புள்ளிதான் மிஞ்சும். 22க்குக் குறையாமல் வையுங்கள்.

கிள்ளான் தங்கச்சி:
ஓட்டுநர் பெயர் தமிழிலா? அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸ் தானாகத் தன்னிடமுள்ள நிர்மலா எழுத்துருவை எடுத்துப் போடும், அதன் அகலம் வேறு. ‘ர’ ஒல்லி, ‘ணௌ’ பல மடங்கு அகலம்; இடைவெளி தட்டி நிரை கட்டினால் நிச்சயம் கோணும். பெயருக்குத் தனி நிரை ஒதுக்கி, அதைக் கடைசியில் வைத்துவிடுங்கள்.

சிப்புட் நிரலன்:
நன்றி அண்ணே, நன்றி தங்கச்சி. இன்று ஆலையில் அந்தத் திரையிலேயே போட்டுப் பார்த்தேன். எடைகளுக்கு மேப்பிள் 24 அளவில், அக்காவுக்குப் பிடித்துவிட்டது. லாரி எண் நிரைக்கு மட்டும் மூலை கூராக உள்ள ஜெட்பிரெயின்ஸ் மோனோ, தடித்த எழுத்தில். பெயர் கடைசி நிரைக்குப் போய்விட்டது. எடைச்சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் தன் சொந்த எழுத்தில்தான் அடிக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.