நவீனக் கட்டிடங்களைக் காக்க விரும்பும் கட்டிடக்கலை மாணவி அறிவுசார் சொத்துரிமைச் சட்டம் படிப்பது பயன் தருமா?

வரைபலகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் சென்னையில் பி.ஆர்க். இறுதியாண்டு படிக்கிறேன். விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த நவீனக் கட்டிடங்களைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புப் பொறியாளராக இருந்து, 1972-இல் ஆசியா 72 வர்த்தகக் கண்காட்சிக்காக டெல்லி பிரகதி மைதானில் கட்டப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கண்காட்சி அரங்குதான் அதன் மையப் பொருள். பிற நாடுகளில் எஃகுக் குழாய்களைக் கொண்டு செய்யும் முப்பரிமாணச் சட்டகத்தை, எஃகு கிடைப்பதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில், கான்கிரீட்டில் அங்கேயே வார்த்து, நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலத்துக்கு நிறுத்தினார்கள். 2017 ஏப்ரலில் அதை இடித்துவிட்டார்கள்.

இடித்த பிறகு ரேவல் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்கீழ் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். கட்டிடத்தைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்றும், அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்றும் அவர் கேட்டதை 2019 மே மாதம் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே உயர்நீதிமன்றம்தான் 2005-இல், விஞ்ஞான் பவனில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்துக்காகச் சிற்பி அமர்நாத் சேகலுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் சிற்பத்தின் எஞ்சிய பாகங்களும் கிடைக்கச் செய்தது. சுவரில் பதித்த சிற்பத்துக்கு இருக்கும் உரிமை, முழுக் கட்டிடத்துக்கு இல்லாமல் போனது எப்படி?

இதைப் படித்ததிலிருந்து, பட்டம் முடித்ததும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்து, அறிவுசார் சொத்துரிமைத் துறைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். அந்தத் துறையில் இருந்துகொண்டு இத்தகைய கட்டிடங்களுக்காக ஏதாவது செய்ய முடியுமா, அதை வைத்துப் பிழைக்கவும் முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ஐந்து வருடப் படிப்பு வீணாகிவிடுமே என்று வீட்டில் இப்போதே வருத்தப்படுகிறார்கள்.

பாரிமுனை வழக்கறிஞர்

முதலில் தீர்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 57-ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதோ திரிப்பதோ படைப்பாளியின் மதிப்புக்கும் நற்பெயருக்கும் ஊறு விளைவிக்குமானால் அதைத் தடுக்கவோ இழப்பீடு கேட்கவோ அவருக்கு உரிமை தருகிறது. சேகல் வழக்கில், அழிப்பது என்பது சிதைப்பதன் உச்சநிலை என்று நீதிமன்றம் கொண்டது. ரேவல் வழக்கில் நீதிபதி வேறு பாதையில் போனார். கண்ணால் காண முடியாத அளவுக்கு முற்றிலும் இல்லாமல் போன ஒன்று, குறையுடைய வடிவில் நின்று யாருடைய பெயரையும் கெடுக்க முடியாது என்பது அவருடைய வாதம். அதோடு, கட்டிடம் நிற்பது இன்னொருவருடைய நிலத்தில்; அந்த நிலத்தின்மீது உரிமையாளருக்கு அரசமைப்பின் 300அ பிரிவு தரும் சொத்துரிமையைக் கட்டிடக்கலைஞரின் உரிமை மீற முடியாது என்றார். பாதி இடித்து, மீதியைக் கண்டபடி மாற்றிக் கட்டி, அதையும் ரேவலின் படைப்பு என்றே காட்டியிருந்தால், வழக்கு நின்றிருக்கும். முழுதாக இடித்தவருக்குப் பொறுப்பில்லை, அரைகுறையாக இடித்தவருக்குப் பொறுப்பு உண்டு என்ற இந்த முடிவு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் சட்டத்தின் மற்றப் பிரிவுகளையும் சேர்த்துப் படித்தால் அது வானத்திலிருந்து குதித்த முடிவும் அல்ல.

13(5) பிரிவைப் பாருங்கள். கட்டிடக்கலைப் படைப்பில் பதிப்புரிமை என்பது அதன் கலைத்தன்மைக்கும் வடிவமைப்புக்கும் மட்டுமே. கட்டும் முறைக்கோ செயல்முறைக்கோ கிடையாது. நீங்கள் வியந்து எழுதியிருக்கும் அந்தக் கான்கிரீட் சட்டக உத்தி, அதாவது அந்த அரங்கை உலகம் திரும்பிப் பார்க்கச் செய்த விஷயமே, பதிப்புரிமையின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அடுத்து 59-ஆம் பிரிவு: உங்கள் வரைபடத்தைத் திருடி ஒருவர் கட்டத் தொடங்கிவிட்டால், கட்டுமானத்தை நிறுத்தத் தடையுத்தரவும் கிடைக்காது, கட்டியதை இடிக்கச் சொல்லவும் முடியாது, இழப்பீடு கேட்கலாம், அவ்வளவுதான். செங்கல்லும் சிமெண்டும் சேர்ந்த பிறகு படைப்பாளியைவிட உடைமையாளர் பக்கமே சாய வேண்டும் என்று 1957-லேயே நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது.

ஆகவே, கட்டிடங்களை இடிபடாமல் காப்பதற்காகவே பதிப்புரிமை வழக்கறிஞராக வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், அந்தக் கருவி அந்த வேலைக்கு உருவானது அல்ல என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பிழைப்பைப் பற்றியும் சொல்கிறேன். சென்னையில் இந்தத் துறையின் அன்றாட வேலை பெரும்பாலும் வணிகச்சின்னம்தான். புதிதாகச் சேரும் ஜூனியர், பதிவேட்டில் ஒத்த பெயர்களைத் தேடுவார். ஆய்வு அறிக்கைக்கு 30 நாளுக்குள் பதில் தயாரிப்பார். எதிர்ப்பு மனுக்களுக்கான நான்கு மாதக் கெடுவை நாட்குறிப்பில் குறித்துவைத்துக் காவல் காப்பார். மசாலாப் பொட்டலத்தின் பெயரும் பனியன் கம்பெனியின் சின்னமும்தான் அலுவலக வாடகையைக் கட்டுகின்றன. கட்டிடம் தொடர்பான கோப்பு எப்போதாவதுதான் மேசைக்கு வரும்.

சுண்ணாம்புக்காரை

நான் பழைய கட்டிடங்களைச் செப்பனிடும் துறையில் இருப்பவன். வழக்கறிஞர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஹால் ஆஃப் நேஷன்ஸ் பதிப்புரிமை வழக்கில் தோற்பதற்கு முன்பே பாரம்பரியப் பட்டியலில் தோற்றுவிட்டது. மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னச் சட்டம் குறைந்தது 100 ஆண்டு பழமையானவற்றைத்தான் தொடும். டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவோ 60 ஆண்டு என்று ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டது. 45 வயதுகூட நிரம்பாத கட்டிடம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. இன்று அந்த வளாகத்தில் பாரத் மண்டபம் நிற்கிறது. நவீனக் கட்டிடங்களின் தனிச் சிக்கலே இதுதான்: பழுதாகும் அளவுக்கு வயது வந்துவிடும், மதிக்கப்படும் அளவுக்கு வயது வந்திராது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்து, மேற்பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கும் நேரமும், புதிதாகக் கட்டினால் இவ்வளவு சதுர அடி கூடுதலாகக் கிடைக்கும் என்று உரிமையாளர் கணக்குப் போடும் நேரமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

காப்பாற்றப்பட்ட இடங்களைப் பார்த்தால், எங்கேயும் பதிப்புரிமை முன்னால் நிற்கவில்லை. சண்டிகரின் முதற்கட்டப் பகுதிகளில் ஒற்றை வீட்டு மனைகளை அடுக்குமாடிகளாகத் துண்டாடுவதை 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தடுத்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை நகரத்தின் முழுமைத் திட்டமும் அதற்கான விதிகளும், நகரை வடிவமைத்த கட்டிடக்கலைஞர் கோர்பூசியேயின் நகரமைப்புக்குரிய பாரம்பரிய மதிப்பும்தான். அகமதாபாத் ஐஐஎம்மில் லூயி கான் வடிவமைத்த 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தபோது, உலகமெங்கும் உள்ள கட்டிடக்கலைஞர்களும் முன்னாள் மாணவர்களும் எழுப்பிய எதிர்ப்பால்தான் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் 2022-இல் நிர்வாகம் மறுபடியும் அதே பேச்சை எடுத்தது. ஊர் எதிர்ப்பால் கிடைத்த தடைக்கு ஆயுள் எவ்வளவு என்பது இதிலேயே தெரிகிறது. அங்கு நூலகக் கட்டிடத்தை முறையாகச் செப்பனிட்ட பணி 2019-இல் யுனெஸ்கோ விருது பெற்றது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே வளாகத்தில் இரண்டும் நடந்தன.

உங்களைப் போல வரைபடம் படிக்கத் தெரிந்த வழக்கறிஞர் எங்களுக்குத் தேவை. திட்ட அனுமதி, பாரம்பரியக் குழு, ரிட் மனு என்று போகும் பாதையில் தேவை. அங்கே ஒரு கட்டிடத்தின் எந்தப் பகுதி அசலானது, எது பின்னால் ஒட்டியது என்று நீதிமன்றத்துக்குப் புரியும்படி எழுதத் தெரிந்த ஆட்கள் மிகக் குறைவு.

வரைபலகை

இருவருக்கும் நன்றி. அப்படியானால் அறிவுசார் சொத்துரிமைப் பக்கம் கட்டிடக்கலைக்கு இடமே இல்லையா? சண்டிகரின் அலுவலகங்களுக்காகவும் கல்லூரிகளுக்காகவும் அன்று செய்த நாற்காலிகள் வெளிநாட்டு ஏலங்களில் பெரும் விலைக்குப் போவதாகவும், அதே வடிவத்தில் இங்கே பலர் செய்து விற்பதாகவும் பார்க்கிறேன். அதில் உரிமை யாருடையது?

ஒப்பந்தக் குறிப்பு

நான் கட்டுமான நிறுவனம் ஒன்றின் சட்டப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இடம் நிறைய இருக்கிறது. ஆனால் அது புகழ்பெற்ற கட்டிடங்களைச் சுற்றி இல்லை.

நாற்காலியை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. பழைய நாற்காலி ஏலத்துக்குப் போவது பொருளின் உடைமை பற்றியது. சண்டிகரின் பாரம்பரியப் பொருட்களை விற்கவும் ஏற்றுமதி செய்யவும் கூடாது என்று 2011-இல் உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது அதற்காகத்தான். புதிதாக அதே வடிவில் செய்து விற்பது வடிவமைப்பு பற்றியது. வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்குமேல் உருவாக்கிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவுப்படி பதிப்புரிமை அற்றுப்போகும். பதிவு செய்திருந்தாலும் இன்றைய சட்டப்படி 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுதான். அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் ஆயிரக்கணக்கில் செய்து போட்ட நாற்காலிக்கு இங்கே தனியுரிமை கோருவது கடினம். விற்பவர் அதை, வடிவமைத்த பியர் ஜான்னரேயின் காலத்து அசல் நாற்காலி என்று சொல்லி விற்றால் அது மோசடி. ஜான்னரேயின் பாணியில் செய்தது என்று சொல்லி விற்றால் கேள்வி கேட்க ஆளில்லை.

இனி அன்றாடம் வரும் விவகாரத்துக்கு வருகிறேன். ஒரு மனை உரிமையாளர் கட்டிடக்கலைஞரிடம் முதல்கட்ட வரைபடம் வாங்குகிறார். அதற்கான தொகையில் பாதியைக் கொடுக்கிறார். பிறகு பேச்சு நின்றுபோகிறது. ஆறு மாதம் கழித்து அதே தளவமைப்பு, படிக்கட்டின் திருப்பம் உட்பட, வரைந்தவர் பெயரை எழுதும் பெயர்க்கட்டத்தில் வேறொருவருடைய பெயரோடு அனுமதிக்குப் போயிருக்கிறது. இப்படி ஒரு கோப்பை நான் நேரில் பார்த்தேன். பெயரை மாற்றியவர்கள் வடக்குக் குறியீட்டை மாற்றவில்லை. முதல் கட்டிடக்கலைஞர் தமக்கென்று வரைந்து வைத்திருந்த அந்த அம்புக்குறி அப்படியே இருந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இங்கே பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் 19-ஆம் பிரிவும்தான் சோறு போடுபவை. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வரைந்தால் முதல் உரிமை முதலாளிக்கு. சுயமாகத் தொழில் செய்யும் கட்டிடக்கலைஞர் வரைந்தால் பொதுவாக அவருக்கே. ஆனால் அரசுக்காக வரைந்தால், மாறாக ஒப்பந்தம் இல்லாத நிலையில், அரசே முதல் உரிமையாளராகிவிடும் சூழல் உண்டு. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வரைபடங்கள் கட்டிடக்கலைஞரின் சொத்து என்று கட்டிடக்கலை மன்றத்தின் பணி நிபந்தனைகள் சொல்கின்றன. ஆனால் வாடிக்கையாளர் நீட்டும் 40 பக்க ஒப்பந்தத்தில், 'எல்லா உரிமைகளும் நிறுவனத்துக்கே' என்ற ஒரு வரி நடுவில் எங்கோ இருக்கும். நம்மவர்கள் கட்டணப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரிக்குப் பதிலாக, கட்டிடத்தில் பெரிய மாற்றமோ இடிப்போ நடப்பதற்கு முன் கட்டிடக்கலைஞருக்கு அறிவிப்புத் தரவும், முழுமையாக அளந்து படமெடுத்து ஆவணப்படுத்த அனுமதிக்கவும் ஒரு பிரிவை எழுதிச் சேர்க்க முடியும். ரேவலுக்குச் சட்டம் தராததை, இனி கட்டப்போகிறவர்களுக்கு ஒப்பந்தம் ஓரளவு தர முடியும். இதை எழுதத் தெரிந்தவர், இரண்டு பக்கத்தின் மொழியும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பாரிமுனை வழக்கறிஞர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கோர்பூசியே 1965-இல் மறைந்தார். படைப்பாளியின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற நம் நாட்டுக் கணக்கில் அவருடைய பதிப்புரிமைக் காலம் 2025-ஆம் ஆண்டோடு முடிகிறது. ஆனால் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் 57-ஆம் பிரிவிலிருந்து, பதிப்புரிமைக் காலத்துக்குள் நடந்த சிதைவுக்கு மட்டுமே வழக்குத் தொடுக்கலாம் என்ற வரம்பை நீக்கிவிட்டது. சட்டப்பூர்வப் பிரதிநிதிகளும் அந்த உரிமையைக் கையில் எடுக்கலாம். மறைந்த கட்டிடக்கலைஞர் ஒருவரின் கட்டிடத்தை உருத்தெரியாமல் மாற்றினால், அவருடைய வாரிசுகள் என்ன கேட்க முடியும் என்பது இன்னும் விரிவாக வாதிடப்படாத கேள்வி. ஸ்பெயினில் கட்டிடக்கலைஞர் கலத்ராவா தம் பில்பாவோ பாலத்தோடு வேறொருவரின் நடைபாதையை இணைத்ததற்காக வழக்காடி, 2009-இல் 30,000 யூரோ பெற்றார். இணைப்பை அகற்றும் உத்தரவு மட்டும் கிடைக்கவில்லை. நம் நீதிமன்றங்களும் அந்தத் திசையில் போகக்கூடும் என்பது என் கருத்து.

நடைமுறை விஷயங்கள் சில. சட்டப் படிப்பு முழுநேர வகுப்பாக இருக்க வேண்டும். அஞ்சல்வழிப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அகில இந்திய பார் தேர்வும் இருக்கிறது. வழக்கறிஞராக இருந்துகொண்டே முழுநேரச் சம்பள வேலையோ சொந்தத் தொழிலோ நடத்துவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. ஆகையால் ஒரு கையில் வரைகோலும் மறு கையில் வக்காலத்துமாக இருக்கலாம் என்று திட்டமிடாதீர்கள். காலத்தைப் பொறுத்தவரை நீங்கள் நல்ல நேரத்தில் வருகிறீர்கள். 2021-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் கலைக்கப்பட்டு அதன் வழக்குகள் உயர்நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர்நீதிமன்றத்திலும் இதற்கென்று தனிப் பிரிவு இயங்குகிறது. காப்புரிமை அலுவலகம், வணிகச்சின்னப் பதிவகம், புவிசார் குறியீட்டுப் பதிவகம் மூன்றும் கிண்டியிலேயே இருக்கின்றன. சேருமுன் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இலவச அறிமுகப் பாடத்தை இணையத்தில் படித்துப் பாருங்கள். அது சலிப்பூட்டினால் மூன்று ஆண்டு மிச்சம்.

என்னைக் கேட்டால், ஆய்வேட்டை முடித்து, ஓராண்டாவது ஒரு கட்டிடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டுச் சட்டத்துக்கு வாருங்கள். அங்கே கையெழுத்தாகும் ஒப்பந்தங்களை வாங்கிப் படியுங்கள். வீட்டில், அந்த ஐந்து வருடம்தான் மற்ற ஜூனியர்களிடம் இல்லாத தகுதி என்று சொல்லுங்கள்.