இணைய ஏலமும் அனுப்புக் கட்டணமும்: செட்டிநாட்டு அனுபவங்கள்

(இணைய ஏலத்தில் அனுப்புக் கட்டணத்தை எப்படி வைப்பது என்பது பற்றி, விற்பவர்களும் ஏலம் கேட்பவர்களும் புனைபெயர்களில் எழுதியவை.)

வளவுவீடு (காரைக்குடி):

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு நான் எதை விற்கிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வெளிவரும் எனாமல் பாத்திரங்கள், பர்மா அரக்குப் பெட்டிகள், பித்தளை விளக்குகள், கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் ஆகியவற்றைக் கடையில் விற்பதோடு, சில ஆண்டுகளாக இணைய ஏலத்திலும் விட்டு வருகிறேன். கடைக்கு வருபவர் பேரம் பேசி முடித்து, பொருளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஏலத்தில் எடுத்தவரோடு வரும் மனக்கசப்பு பெரும்பாலும் பொருளின் விலையைப் பற்றியதாக இருப்பதில்லை. அதை அவர் வீட்டில் சேர்க்க ஆகும் செலவைப் பற்றியதாகவே இருக்கிறது.

என் வழக்கம் இது: பொருளை ஏலத்தில் ஏற்றுவதற்கு முன்பே அதை அனுப்பும் நிலையில் கட்டி, எடை போட்டு, பெட்டியின் மூன்று பக்கங்களையும் அளந்துவிடுவேன். அண்மையில் சுவீடன் நாட்டுக் கோக்கம்ஸ் எனாமல் சட்டிகள் ஐந்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்காக வந்தன. கட்டிய பிறகும் எடை மூன்று கிலோதான். ஆனால் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் கனஅளவு எடை, உண்மை எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே பணம் வாங்குவார்கள். (சில நிறுவனங்கள் வகுக்கும் எண்ணைச் சற்றுக் குறைத்து வைத்திருக்கும், அப்போது கட்டணம் இன்னும் ஏறும்.) சட்டிகளைத் தனித்தனியாகச் சுற்றி 40 × 30 × 30 பெட்டியில் வைத்தால் 7.2 கிலோ; அடுக்காகவே வைத்து 30 × 30 × 20 பெட்டியில் அடக்கினால் 3.6 கிலோ. ஒவ்வொரு சட்டிக்கும் இடையில் மடித்த செய்தித்தாளும் அதன்மேல் பபிள் ஷீட்டும் வைத்தால் போதும். விளிம்பில் எனாமல் தெறித்துவிட்டால் சேகரிப்பவர் அதைக் கையால் தொடமாட்டார் என்பதால், விளிம்புக்கு மட்டும் அட்டையை வளைத்து ஒட்டுவேன். இவ்வளவையும் செய்த பிறகு கிடைக்கும் கட்டணம் முன்னதில் பாதி. அந்தப் பாதி ஏலம் கேட்பவரின் கையில் நிற்கிறது, அதை அவர் பொருளின்மேல் கேட்பார்.

எரிபொருள் கூடுதல் கட்டணம், 18 விழுக்காடு ஜிஎஸ்டி, பெட்டி, டேப் ஆகியவற்றை அப்படியே சேர்ப்பேன். என் உழைப்புக்குக் கூலியை அதில் நுழைப்பதில்லை, அது பொருளின் விலையில் இருக்க வேண்டியது. ஏலத்தை யார் எடுப்பார் என்று முன்கூட்டித் தெரியாதாகையால் தமிழ்நாடு, பிற தென்மாநிலங்கள், மற்றவை என மூன்று தொகைகளைப் பொருளின் விவரத்திலேயே எழுதிவிடுகிறேன். ஏலம் முடிந்த பிறகு கட்டணத்தைச் சொல்வது மணவறையில் உட்கார்ந்த பிறகு சீர் பேசுவதைப் போன்றது.

செப்புக்காசு (தேவகோட்டை):

நான் விற்பவன் அல்லன், ஏலம் கேட்பவன். பழைய நாணயங்கள் சேகரிக்கிறேன். ஒரு நாணயத்தை 90 ரூபாய்க்கு எடுத்தேன். அனுப்புக் கட்டணம் 180 ரூபாய் என்று விவரத்தில் இருந்தது. இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவில் நாணயத்தை ஒட்டி, சாதாரண உறையில் போட்டு அனுப்பியிருந்தார். உறையின்மேல் அச்சிட்டிருந்த அஞ்சல் கட்டணம் அதில் பாதிகூட இல்லை. ஆயினும் இதை மோசடி என்று சொல்லமாட்டேன். 180 என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். மொத்தம் 270 வரை போகலாம் என்று மனத்தில் வைத்து, அனுப்புக் கட்டணத்தைக் கழித்தே என் தொகையை இட்டேன்.

நான் ஏற்க மறுத்தது வேறு ஒன்று. அதே விற்பனையாளரிடம் பின்னர் ஒரே மாலையில் நான்கு நாணயங்களை எடுத்தேன். நான்குக்கும் தனித்தனியாக 180 வாங்கிக்கொண்டு, நான்கையும் ஒரே உறையில் அனுப்பினார். கேட்டபோது, “ஐயா, விதிப்படிதான் வாங்கினேன்” என்று பதில் வந்தது. முதல் பொருளுக்கு முழுக் கட்டணம், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் பத்து ரூபாய் என்று எழுதி வைக்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் தேவையில்லாத நாணயத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறேன், அது என் பலவீனம்.

ஐந்தொகை (புதுவயல்):

கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். செப்புக்காசு அவர்கள் கட்டணத்தைக் கழித்துக் கேட்டதாகச் சொல்கிறார். எல்லோரும் அப்படிக் கழிப்பதில்லை. தன்சிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரு பொருளியலாளர்கள் ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் குறுந்தகடுகளையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஏலம் விட்டுச் சோதித்து, 2006 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நான்கு டாலரில் தொடங்கி அனுப்புக் கட்டணம் இல்லாமல் விட்ட ஏலத்தைவிட, ஒரு சென்ட்டில் தொடங்கி 3.99 டாலர் அனுப்புக் கட்டணம் வைத்த ஏலத்துக்குக் கூடுதல் பேர் வந்தார்கள், வருவாயும் அதிகமானது. ஆனால் மொத்தத்தை எட்டு டாலராக்கி, அதில் ஆறு டாலரை அனுப்புக் கட்டணத்தில் ஏற்றியபோது குறுந்தகடுகளில் அந்த ஆதாயம் மறைந்துவிட்டது. பொருளின் மதிப்போடு ஒப்பிடும்போது கட்டணம் கண்ணை உறுத்தத் தொடங்கினால் கேட்பவர் விழித்துக்கொள்கிறார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இன்னொரு காரணமும் அக்காலத்தில் இருந்தது. தளம் தன் தரகை ஏலத்தொகையின்மேல் மட்டும் கணக்கிட்டதால், விலையைக் குறைத்து அனுப்புக் கட்டணத்தை உயர்த்தியவர்கள் தரகிலும் மிச்சம் பிடித்தார்கள். 2011 முதல் ஈபே அமெரிக்காவில் அனுப்புக் கட்டணத்தையும் சேர்த்தே தரகு வாங்கத் தொடங்கியது. அந்த வழி அத்தோடு அடைபட்டது. நீங்கள் விற்கும் தளம் தரகை எதன்மேல் கணக்கிடுகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டணத்தை வையுங்கள். மொத்தத் தொகையின்மேல் என்றால், கூரியருக்குக் கொடுக்கும் பணத்துக்கும் நீங்கள் தரகு கட்டுகிறீர்கள்.

கொட்டான் (தேவகோட்டை):

பனையோலையில் முடைந்த கூடைகளான கொட்டான்களுக்கு எடையே இல்லை, இடம் மட்டும் அடைக்கும். மூடி போட்ட பெரிய கொட்டான் ஒன்றைத் தனியாக அனுப்பினால் அதன் விலையைவிடக் கட்டணம் கூடிவிடுகிறது. ஆகையால் பெரியதற்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது என மூன்றாகவே ஏலம் விடுகிறேன். கட்டணம் ஒன்றுக்கு ஆவதுதான்.

பூக்கல் (ஆத்தங்குடி):

கொட்டான் ஆச்சி சொல்வது இலேசான பொருளுக்குச் சரி. என்னுடையது தரைக்கல், வீடு கட்டி முடித்தவர்களிடம் மிஞ்சிய ஆத்தங்குடிக் கற்களை ஏலத்தில் விடுகிறேன். கூரியர் இதற்கு ஒத்துவராது. கற்களைப் பூமுகத்தோடு பூமுகம் பார்க்க நிறுத்தி, இடையில் காகிதம் கொடுத்து, மரப்பெட்டியில் வைக்கோல் திணித்து லாரி பார்சலில் போடுவேன். படுக்க வைத்தால் அடியில் உள்ளவை விரிசல் விட்டுவிடும். கட்டணத்தை நான் வாங்குவதே இல்லை. ‘டூ பே’ போட்டுவிட்டால் எடுப்பவர் பார்சல் ஆபீசில் தாமே கட்டிக்கொள்வார். வளவுவீடு அண்ணன் மூன்று தொகை எழுதுவதைவிட இது நேர்மையானது என்பது என் எண்ணம், ஏனெனில் என் கை வழியாகப் பணம் போவதே இல்லை.

ஒன்றை மட்டும் இப்போது விவரத்தில் சேர்த்து எழுதுகிறேன். ஹைதராபாத்தில் ஒருவர் வாடகை மட்டும்தான் என்று நினைத்துப் போக, இறக்குகூலியும் கேட்டிருக்கிறார்கள். குடோனிலிருந்து வீட்டுக்குத் தனி வண்டி பிடிக்கவும் வேண்டியிருந்தது. அவர் என்னைத்தான் ஏசினார். எனவே, “பார்சல் ஆபீசில் எடுக்க வேண்டும், வாடகையும் இறக்குகூலியும் உங்களுடையவை, வீடு வரை வராது” என்று முதல் வரியிலேயே போடுகிறேன்.

வளவுவீடு (காரைக்குடி):

தம்பி, கல்லுக்கு ‘டூ பே’தான் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் ஏலம் கேட்பவர் பயந்து குறைத்தே கேட்பார். சென்ற மாதம் அனுப்பிய பெட்டிக்குச் சென்னையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை ஒரு வரியில் எழுதிப் பாருங்கள்.

குத்துவிளக்கை அனுப்பும் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டா என்று என்னிடம் தனியே கேட்டவருக்கு: அது எடைக்கே கட்டணம் ஏறும் பொருள், அளவைக் குறைத்துப் பயனில்லை என்று தோன்றும். ஆனால் பீடம், தண்டு, அகல், மேலே உள்ள அன்னம் என்று மறையைக் கழற்றிப் பிரித்து வைத்தால், உயரமான பெட்டிக்குப் பதிலாகச் சிறிய பெட்டி போதும். கனஅளவு எடை உண்மை எடையைத் தாண்டாமல் நிற்கும். கண்ணாடிச் சட்டப் படங்களுக்கு, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அனுப்பலாமா என்று எடுத்தவரைக் கேட்டுவிடுகிறேன். அநேகமாக அனைவரும் சம்மதிக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்ப என்ன கட்டணம் என்று என்னிடம் கேட்டிருந்தவர்களுக்கு: நூறு ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருட்கள் 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறுக்கு உட்பட்டதுதானா என்று ஐயம் வந்தாலே, தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அன்று என்ற சான்று வாங்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு எந்தக் கட்டணத்தை வைப்பது? அப்படிப்பட்ட பொருட்களுக்கு ‘இந்தியாவுக்குள் மட்டும்’ என்று எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து கேட்பவர்கள் காரைக்குடியில் உள்ள உறவினர் முகவரியைக் கொடுத்தால், அங்கே நானே கொண்டுபோய்க் கொடுத்து அனுப்புக் கட்டணத்தைத் திருப்பிவிடுகிறேன். அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.