பழைய சிங்கர் மெசின்களும் நம்பர் குழப்பங்களும்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து

சிங்கர் தையல் மெசினின் அடித்தட்டில், சில்லுப் பக்கமாக, கொஞ்சம் உயர்ந்த ஒரு இடத்தில் நம்பர் அடித்திருக்கும். அதை வைத்துத்தான் இங்கே விலையும் பேசுகிறார்கள், சண்டையும் பிடிக்கிறார்கள். பழைய மெசின் சேர்க்கிறவர்கள் தாங்கள் கண்டதை எழுதினால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவியாக இருக்கும். நானே தொடங்குகிறேன்.

மத்திய வீதியில் ஒரு அண்ணர் கூப்பிட்டார். "தம்பி, 1880களில் செய்த மெசின் ஒன்று இருக்கு, வந்து பாருங்கோ" என்றார். ஏழு மில்லியனைத் தாண்டிய நம்பர். எந்த நம்பர் எந்த ஆண்டு என்று காட்டுகிற சிங்கர் பட்டியலில் அந்த நம்பருக்கு நேரே அந்தக் காலம்தான் போட்டிருந்தது, அவர் சொன்னதில் பொய் இல்லை. போய்ப் பார்த்தபோது நம்பருக்கு முன்னால் பழைய எண்ணெய் கல்லாக உறைந்து கிடந்தது. துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க, வை என்ற ஆங்கில எழுத்து தெரியவந்தது.

அந்த ஒரு எழுத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு போய்விட்டது. 1900 வரை சிங்கர் எழுத்தில்லாமல் வெறும் இலக்கமாகத்தான் அடித்தது. பிறகு எழுத்து வந்தது. இந்த எழுத்து இந்தத் தொழிற்சாலைக்கு என்று ஒதுக்கினார்கள், புது எழுத்து வந்தால் இலக்கமும் திரும்ப முதலிலிருந்து போகும். வை என்பது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் இருந்த கில்போவி தொழிற்சாலைக்கு உரியது. 1920களிலும் 30களின் முற்பாதியிலும் அந்த எழுத்து ஓடியது. அண்ணருக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் மெசின் நல்ல மெசின். பொன் நிற ஸ்பிங்ஸ் படங்கள் அழியாமல் இருந்தன, நீண்ட பொபின் போடுகிற பழைய வகை. 1930ஐ ஒட்டிய மெசினுக்கு உரிய விலையைச் சொன்னேன், தந்தார்.

இலக்கம் சிறிதாக இருந்தால் மெசின் பழையது என்று நினைப்பதும் இதே குழப்பம்தான். எழுத்தைப் பார்க்காமல் இலக்கத்துக்குப் பொருள் இல்லை.

பாலையூற்றிலிருந்து

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் மெசினுக்குப் பிறந்தநாள் குறித்து வைத்திருந்தார். பட்டியலில் அவருடைய நம்பர் வரிசைக்கு நேரே மாதமும் திகதியும் இருந்தன. அதைப் பித்தளைத் தகட்டில் வெட்டி மேசையில் பதிக்கப் போகிறேன் என்றார். "சேர், அது மெசின் செய்து முடித்த நாள் இல்லை" என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தகடு வெட்டுமுன் சொல்வது நல்லது என்று சொல்லிவிட்டேன். தொழிற்சாலை ஒரு தொகுதி நம்பர்களை ஒரு மொடல் மெசினுக்கு ஒதுக்கிய நாள்தான் பதிவேட்டில் இருக்கிறது. அந்தத் தொகுதியின் மெசின்கள் முடிந்து வெளியே வர மாதக்கணக்கிலும் ஆகலாம். கப்பலேறி இலங்கைக்கு வந்து விற்ற நாள் அதற்கும் பிறகு. ஆண்டை மட்டும், அதுவும் "அளவில்" என்று போட்டு எழுதச் சொன்னேன். அப்படியே வெட்டினார்.

டொக்யார்ட் வீதியிலிருந்து

எங்கள் பக்கத்தில் எல்லாப் பழைய சாமானுக்கும் ஒரு கடற்படைக் கதை உண்டு. 1957 வரை பிரித்தானியர் இங்கே தளம் வைத்திருந்ததால் அது இயல்புதான். ஒருவர் தன் மெசினின் ஈ.டி. என்ற எழுத்துகள் கிழக்கிந்தியக் கடற்படைத் தளத்தைக் குறிக்கின்றன என்று உறுதியாகச் சொன்னார். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டுவீச்சில் தப்பிய மெசின் என்று அதற்கு மேல் ஒரு கதையும் கட்டியிருந்தார். கேட்ட விலையோ இரண்டு மடங்கு.

ஈ.ஏ., ஈ.பி., ஈ.சி., ஈ.டி. என்று போவது கிளைட்பாங்கின் இரண்டெழுத்து வரிசை. வை முடிந்த பிறகு 1930களின் நடுவில் தொடங்கியது. யார் வாங்கப் போகிறார்கள் என்பதற்கும் அந்த எழுத்துக்கும் தொடர்பே இல்லை. அரசாங்கச் சொத்தாக இருந்தால் அகன்ற அம்புக்குறி முத்திரை எங்காவது இருக்கலாம். மெசினைப் புரட்டிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அதற்காக அவருடைய தாத்தா டொக்யார்டில் வேலை செய்தது பொய்யாகிவிடாது. அந்த மெசின் அங்கேயே இருந்திருக்கவும் கூடும். அதைச் சொல்ல ஒரு பற்றுச்சீட்டோ படமோ வேண்டும், நம்பர் சொல்லாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போர்க்காலத்தில் கிளைட்பாங்க் தொழிற்சாலை பெரும்பாலும் ஆயுத உறுப்புகள் செய்துகொண்டிருந்தது. 1941 மார்ச்சில் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தை எரித்தபோது சிங்கரின் மரக்களஞ்சியமும் சேர்ந்து எரிந்தது. இப்படி உண்மையிலேயே பெரிய கதை இருக்கும்போது இல்லாத கதை எதற்கு?

கிண்ணியாவிலிருந்து

எங்கள் உம்மா தைத்த மெசினை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். முன்பக்கத் தகட்டில் நீல விளிம்பு, அதில் 1851, 1951 என்று இரண்டு ஆண்டுகள். "தங்கச்சி, இது 1851இல் செய்தது" என்று அவர் ஆசை காட்டினார். கூட வந்தவர் 1951 என்றார். இரண்டு பேரும் என் வாசலில் நின்றே வாதாடினார்கள்.

அது சிங்கரின் நூற்றாண்டு நினைவுத் தகடு. ஐசக் சிங்கர் தன் காப்புரிமையைப் பெற்றது 1851இல். அந்தக் கால மெசினை அனுப்புகிற மரப்பெட்டியே அதற்கு மேசையாகவும் இருந்தது, இன்றைய மெசினின் சாயலே இருக்காது. எங்கள் மெசினின் நம்பர் ஈ.ஜி. என்று தொடங்குகிறது, ஆக 1950ஐ ஒட்டியது. நான் விற்கவில்லை. இப்போதும் அதில்தான் பெருநாள் உடுப்புத் தைக்கிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: சவூதியில் 2009 ஏப்ரலில் சிங்கர் மெசினுக்குள் சிவப்புப் பாதரசம் என்ற, உண்மையில் இல்லாத ஒரு விலைமதிப்பான பொருள் இருக்கிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஊசிக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பிடித்தால் இணைப்பு அறுந்துவிடும், அதுதான் அடையாளம் என்றார்கள். பைத்தியக்கார விலைக்கு வாங்கினார்கள். அங்கே வேலைக்குப் போன எங்கள் ஆட்கள் அந்தக் கதையை ஊருக்கும் கொண்டு வந்தார்கள். "என்ன நம்பரில் இருக்கும்" என்று கேட்டு இன்றைக்கும் சிலர் வருகிறார்கள். எந்த நம்பரிலும் இல்லை. காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

நிலாவெளியிலிருந்து

கடற்கரைக்காரருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. சுனாமி தண்ணீரில் மூழ்கிய மெசின்களும் எங்களிடம் வருகின்றன. நம்பர் தெரியவில்லை என்று அரத்தாளால் தேய்த்து அதை நிரந்தரமாக அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. மண்ணெண்ணெயில் ஊறிய துணியை ஒரு இரவு போட்டு வையுங்கள். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து தாளில் ஏறும்.

அப்புறம், சிமான்கோ என்ற சொல்லோடு வருகிற நம்பரைத் தயவுசெய்து மெசின் நம்பராக எழுதி அனுப்பாதீர்கள். அது உதிரிப்பாகத்தின் நம்பர். அதே பாகம் பூட்டிய எல்லா மெசினிலும் அதே நம்பர்தான் இருக்கும். இரண்டு பேரின் மெசினுக்கு ஒரே நம்பர் வந்ததால் திருட்டு என்று பேச்சு எழும்பிய சம்பவம் எங்கள் ஊரிலேயே நடந்தது. இருவரும் பார்த்தது பொபினை மூடுகிற தகட்டின் நம்பரை.

மூதூரிலிருந்து

எங்களுக்கு நம்பர் சேர்ப்புப் பொருளின் கதை மட்டும் இல்லை. 2006இல் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் மெசினை விட்டுவிட்டுத்தான் ஓடினோம். திரும்பி வந்தபோது வீட்டில் அது இல்லை. சில வருடங்கள் கழித்து நகரத்தில் மெசின் திருத்துகிற ஒரு கடையில் அம்மா அதைக் கண்டு "இது என்னுடையது" என்றார். தவணைக்கு வாங்கிய காட் எங்களிடம் இருந்தது. நம்பர் ஆறு இலக்கமும் பொருந்தியது.

ஆனால் காட்டில் இலக்கம் மட்டும்தான் எழுதியிருந்தார்கள், எழுத்து இல்லை. மெசினை வைத்திருந்தவரும் விவரம் தெரிந்தவர். "அக்கா, ஈ.எஃப்.இலும் இதே இலக்கம் இருக்கும், ஈ.எச்.இலும் இருக்கும், இது உங்களுடையது என்று எப்படிச் சொல்வது" என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அவர் இரும்பு வியாபாரியிடம் காசு கொடுத்து வாங்கியவர்.

அம்மா மெசினைச் சரிக்கச் சொன்னார். அடியில் ஒரு ஆணி உடைந்தபோது எங்கள் ஊர் மெக்கானிக் சைக்கிள் ஆணியைப் போட்டு முறுக்கியிருந்தார் என்று, எந்த மூலை என்பதையும் பார்க்காமலே சொன்னார். அது அங்கேயே இருந்தது. அந்த மனிதர் மேலே ஒரு சொல்லும் பேசவில்லை. தான் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்டு, ஓட்டோவில் தானே ஏற்றிவிட்டார்.

இப்போது காட்டின் பின்பக்கத்தில் இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறோம், பென்சிலால் எடுத்த பிரதியையும் கூடவே ஒட்டியிருக்கிறோம்.