நிதிக்குழு மானியமும் ஒன்பது மோட்டாரும்: ஊராட்சிப் பணத்தோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

மலையடிவாரம்:

2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை ஊராட்சித் தலைவராக இருந்தேன். மாவட்டம், ஊர்ப் பெயர் எல்லாம் வேண்டாம், மலையடிவாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு குக்கிராமம், 2011 கணக்கெடுப்பின்படி 1,900 பேர். பக்கத்து ஊராட்சியில் 2,000 பேர், எல்லாரும் நான்கு தெருவுக்குள். அவர்களுக்கு இரண்டு மேல்நிலைத் தொட்டி, இரண்டு போர், ஒரு டேங்க் ஆபரேட்டர், வேலை முடிந்தது. எங்களுக்கு ஒன்பது தொட்டி, ஒன்பது மோட்டார். மேட்டில் இருக்கும் கடைசிக் குக்கிராமத்தில் 23 வீடுதான், அதற்கும் தனி மோட்டார். 15-வது நிதிக்குழு, அதாவது மத்திய அரசின் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு, சொன்ன மானியம் வரும்போது பார்த்தால் அவர்களுக்கு எங்களைவிடக் கொஞ்சம் கூட! தலையை எண்ணித்தானே பிரிக்கிறார்கள். டெல்லியில் மாநிலங்களுக்குப் பங்கு போடும்போதே மக்கள்தொகைக்கு 90 சதவீதம், பரப்பளவுக்கு 10 சதவீதம் என்றுதான் எடை வைத்தார்கள். பைப்லைன் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த 60-40. வந்த பணத்தில் 60 சதவீதத்துக்கு நிபந்தனை இருந்தது: குடிநீருக்குப் பாதி, கழிப்பறை, குப்பை போன்ற சுகாதாரத்துக்குப் பாதி. மீதி 40-ஐ எங்கள் தேவைக்குச் செலவழிக்கலாம், சம்பளம், நிர்வாகச் செலவுக்கு மட்டும் கூடாது என்றார்கள். எங்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஓடையில் ஒரு சிறுபாலம். மழைக்காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. பாலத்துக்கு 40-இல் பணம் பத்தாது, சுகாதாரப் பங்கிலோ பணம் அப்படியே கிடக்கிறது. வருடம் முடியப்போகிறது, செலவு செய்யுங்கள் என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலிருந்து நெருக்கினார்கள். ஒரு பொதுக் கழிப்பறை கட்டினோம். தண்ணீர் ஏறாத மேடு. இப்போது அதற்குள் யாரோ விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். குடிநீர், சுகாதாரம் இரண்டில் ஒன்றில் தன்னிறைவு வந்துவிட்டால் அந்தப் பணத்தை மற்றதற்குத் திருப்பலாம் என்று விதி இருந்ததுதான். தன்னிறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட மேலே யாரும் துணியவில்லை.

நிபந்தனையே கூடாது என்று சொல்ல மாட்டேன். அது இல்லாத காலத்தில் வார்டு உறுப்பினர் வீட்டு வாசல்களுக்குத்தான் முதலில் பேவர் பிளாக் போனது, அதையும் கண்ணால் பார்த்தவன் நான்.

புறவழிச்சாலை:

உங்கள் ஊரில் தலை குறைவு, எங்கள் ஊரில் எண்ணாத தலை. நகரத்தை ஒட்டிய ஊராட்சி. 2011-இல் ஆறாயிரம் பேர் என்று கணக்கு. இன்று வாக்காளர் பட்டியலில் மட்டும் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப்பேர் அதில் இல்லை. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குப் போய்விட்டது. அதனால் வயலாக இருந்த காலத்துக் கணக்கில்தான் இன்றைய குப்பைக்குப் பணம் வருகிறது. கிராம சபையில் எழுந்து கேட்டேன். ஊராட்சிச் செயலர், “மேடம், கம்ப்யூட்டரில் நீங்கள் இன்னும் பிறக்கவே இல்லை” என்றார். சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய?

மலையடிவாரம்:

சரிதான் மேடம். ஆனால் உங்களுக்கு வீட்டுவரி இருக்கிறது, பிளான் அப்ரூவல் கட்டணம் இருக்கிறது. எங்கள் ஊரில் ஓட்டு வீட்டுக்கு என்ன வரி வரும்? சொந்தமாகச் சம்பாதிக்க முடிகிற ஊரையும் முடியாத ஊரையும் ஒரே தராசில் வைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மாநிலங்களுக்கு வரியைப் பங்கிடும்போது இதே நிதிக்குழு 45 சதவீத எடையை வருமான இடைவெளிக்குக் கொடுத்தது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போகட்டும் என்ற அந்த யோசனை, உள்ளாட்சி மானியத்தில் மாநிலப் பங்கு போடும்போது காணாமல் போய்விட்டது.

ஓய்வுபெற்ற எழுத்தர்:

தலைவரே, நீங்கள் இருவரும் வந்த பணத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வராத பணத்தோடு மூன்று வருடம் குடும்பம் நடத்தியவன். 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று 14-வது நிதிக்குழுப் பணத்தை மத்திய அரசு நிறுத்திவிட்டது. ஒரு ஊர் இரண்டு ஊர் இல்லை, தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிக்கும். மாநில அரசு தன் வருவாயிலிருந்து தரும் மாநில நிதிக்குழு மானியத்தில்தான் உயிர் ஓடியது. அதில் கரண்ட் பில் கட்டினால் மோட்டார் ரிப்பேருக்கு இல்லை, ரிப்பேர் செய்தால் பில் பாக்கி. காலிக் குடத்தோடு ஒன்றிய அலுவலகத்துக்கு வந்த பெண்களிடம் நான் ஐந்து வருடத்துக்குள் தேர்தல் நடத்தச் சொல்லும் அரசியல் சாசனம் 243-இ பிரிவையா விளக்க முடியும்?

தேர்தலைத் தள்ளிப்போட்டது அந்தப் பெண்கள் இல்லை. பணத்தை நிறுத்தாவிட்டால் எந்த மாநில அரசும் நேரத்துக்குத் தேர்தல் நடத்தாது என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2019 டிசம்பர் வரை, அதுவும் 27 மாவட்டத்துக்கு மட்டும், தேர்தல் வரவில்லையே. அடி யார்மேல் விழுந்ததோ அவர்கள் கையில் எதுவும் இல்லை, யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு வலிக்கவில்லை. வெட்டுவதென்றால் மாநில அரசின் வேறு பங்கில் வெட்டட்டும், குடிநீர்ப் பணத்தில் ஏன் கை வைக்க வேண்டும்?

புறவழிச்சாலை:

இந்தக் கதை எனக்குப் புதிது ஐயா. அந்த மூன்று வருடமும் தெருவிளக்கு எரியாததற்குச் செயலரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

மலையடிவாரம்:

ஐயா சொன்னது திரும்பவும் நடந்தது. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்து, மன்றம் இல்லாதபோது அரசு நியமிக்கும் தனி அலுவலர் கைக்கு ஊராட்சி போனது. அவர் ஒருவர், பார்க்க வேண்டிய ஊராட்சிகள் பல. பதவி போய் நாலு மாதம் இருக்கும், மேட்டுக் குக்கிராமத்து மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது என்று ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு போன். நான் இப்போது தலைவர் இல்லையே அண்ணே, வட்டார வளர்ச்சி அலுவலர், அதான் பிடிஓ ஐயாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் அந்தப் பக்கம் பேசாமலே நின்றார். அப்புறம் மெக்கானிக் நம்பரைத் தேடிக் கொடுத்தேன்.