அக்கரைப்பற்று ரைஸ் மில்லில் ஃபாக்ஸ்ப்ரோ 9 புரோகிராம்: கிழமைக்கொரு தரம் இன்டெக்ஸ் உடையுது, பராமரிப்பை எடுக்கலாமா?

ஒலுவில்காரன்:

அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு ரைஸ் மில். நெல் கொள்வனவு, மூடைக் கணக்கு, போடியார்மாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு) கொடுத்த முற்பணம், அரிசி விற்பனை எல்லாம் ஒரே புரோகிராமில் ஓடுது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 9, மைக்ரோசொஃப்டின் பழைய டேட்டாபேஸ் மொழி. எழுதினவர் இப்ப வெளிநாட்டில், சோர்ஸ் கோட் ஒரு சீடியில் இருக்கு. ஐந்து மெஷின், டேட்டா ஒரு விண்டோஸ் 10 மெஷினின் ஷெயார் போல்டரில். தராசடியில் உள்ள லேப்டொப் மட்டும் வைஃபை.

இரண்டு மெஷினை விண்டோஸ் 11-க்கு மாற்றின பிறகு 114-ஆம் பிழையும் (இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, டேபிளோடு பொருந்தவில்லை) 2091-உம் (டேபிள் பழுதடைந்துவிட்டது) மாறி மாறி வருது. கிளார்க் மெனுவில் ரீஇன்டெக்ஸ் அழுத்துவார், சரியாகும், அடுத்த கிழமை திரும்பவும் அதே கதை. இடைக்கிடை கொள்வனவு பில் காணாமலும் போகுது. முதலாளி மாதக் கட்டணம் தரத் தயார். ஆனால் பெரும்போக அறுவடை முடியும் வரை புது சொஃப்ட்வெயார் வேண்டாம் என்கிறார்.

எதிலிருந்து தொடங்குவது? ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? பிறகு வேறு டேட்டாபேஸுக்கு மாற்றுவது பெறுமதியா?

கல்லடிப்பாலம்:

தம்பி, முதல் வேலை அந்த ரீஇன்டெக்ஸ் மெனுவைப் பூட்டுறது. அது நோயை மறைக்குது. சி.டி.எக்ஸ் பைலில் (இன்டெக்ஸ் பைல்) எழுதியிருக்கிற டேக் விபரத்தை (ஒவ்வொரு இன்டெக்ஸின் பெயரும் விதியும்) வைச்சுத்தான் ரீஇன்டெக்ஸ் வேலை செய்யும். அந்த விபரமே சிதைஞ்சிருந்தால் சிதைஞ்சதைத்தான் திரும்பக் கட்டும். டேக் எல்லாவற்றையும் அழிச்சு, இன்டெக்ஸ் ஒன் (INDEX ON) கட்டளைகளைப் புதிதாக ஓட விடுறதுதான் சரி. டேபிள்கள் டி.பி.சி-க்குள் (டேபிள்களைச் சேர்த்து வைக்கிற டேட்டாபேஸ் பைல்) இருந்தால் கவனம்: டேக்கை அழிக்கும்போது பிரைமரி கீயும் டேபிள்களுக்கிடையிலான நிரந்தர ரிலேஷன்களும் சேர்ந்து போயிடும். ஆனபடியால் ஃபாக்ஸ்ப்ரோவோடு வரும் ஜென்.டி.பி.சி என்ற கருவியை ஆரோக்கியமான ஒரு பிரதியில் முதலில் ஓட்டி, அது எழுதித் தரும், டி.பி.சி-யைத் திரும்பக் கட்டுற பி.ஆர்.ஜி (புரோகிராம்) பைலைப் பத்திரப்படுத்துங்க.

எதையும் தொட முன்னம் எல்லாரையும் வெளியே எடுத்துவிட்டு முழு போல்டரையும் கொப்பி பண்ணுங்க. டி.பி.எஃப் (டேபிள்), எஃப்.பி.டி (மெமோ, அதாவது நீண்ட குறிப்பு), சி.டி.எக்ஸ் மூன்றும் ஒரே நேரத்துப் பிரதியாக இருக்க வேணும். டி.பி.சி-யும் அதோடு சேர்ந்த டி.சி.டி, டி.சி.எக்ஸ் பைல்களும் அப்படியே.

2091 ஏன் வருது என்றால், புது ரெக்கோட்டை எழுதுறதும் ஹெடரில் (பைலின் தலைப்பகுதியில்) எண்ணிக்கையைக் கூட்டுறதும் இரண்டு தனி எழுத்து. நடுவில் இணைப்பு அறுந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. பைலைப் பைட் பைட்டாகக் காட்டுற ஹெக்ஸ் எடிட்டரில் டி.பி.எஃப்-ஐப் பாருங்க. பூச்சியத்திலிருந்து எண்ணினால் 4-ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட் ரெக்கோட் எண்ணிக்கை, 8-இலிருந்து இரண்டு பைட் ஹெடரின் நீளம், 10-இலிருந்து இரண்டு பைட் ஒரு ரெக்கோட்டின் நீளம். எல்லாம் சிறிய பைட் முதலில். பைல் அளவில் ஹெடர் நீளத்தைக் கழிச்சு ரெக்கோட் நீளத்தால் பிரிச்சால் உண்மையான எண்ணிக்கை வரும். கடைசியில் ஒரு பைட் மிஞ்சினால் அது பைல் முடிவுக் குறி, பயப்படத் தேவையில்லை. டேபிளைத் திறக்கும்போது சோதிக்கிற செட் டேபிள்வலிடேட் (SET TABLEVALIDATE) செட்டிங்கை 0 ஆக்கினால் அந்த டேபிள் திறக்கும். பிரதியில் ஹெடரைத் திருத்தி, கடைசி ஐந்தாறு ரெக்கோட்டைக் கடதாசி பில்லோடு ஒத்துப் பாருங்க.

பில் காணாமல் போறதுக்கு இதே காரணம் இருக்கலாம். ஒரு மெஷின் பழைய எண்ணிக்கையை நம்பி எழுதினால், மற்ற மெஷின் போட்ட ரெக்கோட்டின் மேலேயே எழுதிவிடும். இன்னொன்று கோட்டில் இருக்கும்: மாற்றங்களைச் சேமிக்கிற டேபிள்அப்டேட் (TABLEUPDATE) தோல்வி என்று திருப்பி அனுப்பினாலும் பார்க்காமல் "சேமிக்கப்பட்டது" என்று காட்டுற புரோகிராம்கள் ஏராளம். சோர்ஸில் டேபிள்அப்டேட் என்ற சொல்லைத் தேடி ஒவ்வொரு இடமும் பாருங்க.

மெமோ பைல் பழுதாக இருக்கும்போது பேக் (PACK, அழிச்ச ரெக்கோட்டை நிரந்தரமாக நீக்குறது) கட்டளை போடவே வேண்டாம். மீட்கக்கூடியதும் போயிடும்.

ஏறாவூர் நெட்வேர்க்:

கல்லடிப்பாலம் நானா சொன்னது சரி, ஆனால் மூல காரணம் நெட்வேர்க்கில் இருக்கு. வைஃபையில் டி.பி.எஃப் எழுதவே கூடாது. அதை நிறுத்தாமல் மற்றது எதைச் செய்தும் பிரயோசனமில்லை.

அடுத்தது எஸ்.எம்.பி (விண்டோஸ் போல்டரை ஷெயார் பண்ணுற வழிமுறை) லீசிங். கிளையன்ட் மெஷின் பைலின் பகுதிகளைத் தன்னிடம் வைச்சுக்கொண்டு வேலை செய்யும். ஒருவர் மட்டும் திறக்கிற வேர்ட் பைலுக்கு அது நல்லது, ஐந்து பேர் ஒரே நேரம் எழுதுற டேபிளுக்கு ஆபத்து. டேட்டா இருக்கிற மெஷினின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் செட்டிங் களஞ்சியம்), லேன்மேன்சேர்வர் சேவையின் பராமீற்றர்ஸ் கீக்குள் டிசேபிள்லீசிங் என்ற டி.வேர்ட் (எண் மதிப்பு) போட்டு 1 கொடுங்க. மற்ற மெஷின்களில் லேன்மேன்வேர்க்ஸ்டேஷன் பராமீற்றர்ஸில் டிரெக்டரிகேஷ்லைஃப்டைம், ஃபைல்இன்ஃபோகேஷ்லைஃப்டைம், ஃபைல்நொட்ஃபவுண்ட்கேஷ்லைஃப்டைம் மூன்றையும் 0 ஆக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்க. கொஞ்சம் மெதுவாகும், அதை முதலாளியிடம் முன்னமே சொல்லி வைங்க.

எஸ்.எம்.பி-யின் பழைய 1-ஆம் பதிப்பைத் திரும்ப ஒன் பண்ணச் சொல்லி யாராவது ஆலோசனை தருவாங்க. செய்யாதீங்க. 2017-இல் வன்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவின வழி அதுதான். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பில், செட்டிங்கை மாற்றாவிட்டால், பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷெயார் திறக்காது. டேட்டா மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு யூசரை உருவாக்கி அதன் வழியாக மேப் பண்ணுங்க.

மின்சாரம் போகும்போது டேட்டா மெஷின் யூ.பி.எஸ்-இல் நிற்கும், சுவிட்ச் சுவர் பிளக்கில் இருக்கும். அப்ப எழுதிக்கொண்டிருந்த எல்லா மெஷினும் ஒரே நொடியில் அறுபடும். சுவிட்ச்சையும் அதே யூ.பி.எஸ்-இல் போடுங்க. டேட்டா மெஷின் தூங்காமல் பவர் செட்டிங்கை மாற்றுங்க. நெட்வேர்க் கார்ட்டை விண்டோஸ் அணைக்கலாம் என்ற டிக்கை எல்லா மெஷினிலும் எடுத்துவிடுங்க.

புரோகிராமின் இ.எக்ஸ்.இ-யும் ரன்டைமும் (அதை ஓட்டத் தேவையான பைல்கள்) ஒவ்வொரு மெஷினிலும் உள்ளூரில் இருக்கட்டும், ஆனால் புரோகிராம் ஃபைல்ஸ் போல்டருக்குள் வேண்டாம். அங்கே எழுதப்போனால் விண்டோஸ் அதை ஒவ்வொரு யூசருக்கும் தனியான விர்ச்சுவல்ஸ்டோர் போல்டருக்குத் திருப்பிவிடும், ஆளாளுக்கு வேறு செட்டிங் பைல் காட்டும்.

ஒலுவில்காரன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு சிக்கல்: தராசடி ஆபீஸிலிருந்து 120 மீற்றர். கேபிள் 100 மீற்றருக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறாங்க.

ஏறாவூர் நெட்வேர்க்:

செம்புக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை. ஃபைபர் இழுத்து இரண்டு பக்கமும் மீடியா கன்வேர்ட்டர் போடலாம், மில்லில் மின்னல், மோட்டரின் மின் குறுக்கீடு எல்லாவற்றுக்கும் அது நல்லது. அறுவடை நெருங்கி நேரமில்லை என்றால் வேறு வழி: ஆபீஸில் கேபிளோடு ஒரு பழைய மெஷின், விண்டோஸ் புரோ பதிப்பு, வைச்சு லேப்டொப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டொப்பில் அதுக்குள் போங்க. ஃபாக்ஸ்ப்ரோ ஓடுறது ஆபீஸ் மெஷினில். வைஃபை அறுந்தாலும் திரை மட்டும்தான் போகும், எழுதிக்கொண்டிருந்த ரெக்கோட் போகாது. ஹோம் பதிப்புக்குள் ரிமோட்டில் நுழைய முடியாது, புரோவில் ஒரு நேரம் ஒருவர்தான். தராசுக்கு அது போதும்.

சம்மாந்துறை டேட்டா:

ஒப்பந்தம் பற்றி யாரும் சொல்லல்ல. மாதக் கட்டணம் பேச முன்னம், தனிக் கட்டணத்தோடு ஒரு ஆய்வு வேலை எடுங்க. அதில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: சீடியில் இருக்கிற சோர்ஸும் மில்லில் ஓடுற இ.எக்ஸ்.இ-யும் ஒன்றா? விர்ச்சுவல் மெஷினில் ஃபாக்ஸ்ப்ரோ 9 சர்வீஸ் பேக் 2 போட்டு, பில்ட் பண்ணி, பிரதி டேட்டாவில் ஓட்டி மெனு மெனுவாக ஒத்துப் பாருங்க. எழுதினவர் கடைசி நேரம் மில்லிலேயே திருத்தின விஷயம் சீடிக்கு வந்திருக்காது. அது தெரியாமல் புது இ.எக்ஸ்.இ போட்டால் பழைய வசதி ஒன்று காணாமல் போகும், பழி உங்களுக்கு. வித்தியாசம் இருந்தால் எழுதினவரைத் தேடிப் பிடிக்கிறதுக்கு இதுதான் நேரம்.

மைக்ரோசொஃப்ட் ஃபாக்ஸ்ப்ரோ 9-க்கான ஆதரவை 2015 ஜனவரியில் முடிச்சுவிட்டது, விண்டோஸ் 10-க்கு 2025 ஒக்டோபரில். விண்டோஸ் அப்டேட் எதையாவது உடைச்சால் திருத்தித் தர அவங்க இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்க. மாதக் கட்டணத்துக்குள் எத்தனை மணித்தியாலம், புது ரிப்போர்ட் கேட்டால் தனிக் கட்டணம், பெக்கப் டிஸ்க்கை ஒவ்வொரு நாளும் மாற்றுறது மில்லில் யார் பொறுப்பு, யூ.பி.எஸ் பற்றரி யார் செலவு, இதெல்லாம் பெயர் குறிச்சு வேணும். அறுவடைக் காலத்தில் பழுது திருத்தம் மட்டும், மாற்றம் எதுவும் செய்வதில்லை என்ற வரியையும் சேருங்க. முதலாளியே அப்படித்தான் விரும்புறார்.

மாற்றுறது பெறுமதிதான். ஒரு பைல் 2 ஜி.பி-க்கு மேல் வளராது என்ற எல்லையைவிட, உங்களுக்குக் கஷ்டம் தரப்போறது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. ஃபாக்ஸ்ப்ரோவுக்கு யூனிகோட் தெரியாது, ஆகவே போடியார்மாரின் பெயர், ஊர், வட்டை (வயல்வெளி) எல்லாம் பாமினி எழுத்துருவில் ஆங்கில எழுத்துகளாகக் கிடக்கும். ஒரே ஃபீல்டில் சிலது ஆங்கிலம், சிலது பாமினி, எது எது என்று டேபிளில் குறியே இருக்காது. கன்வேர்ட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் ஆங்கிலப் பெயரெல்லாம் தமிழ்க் குப்பையாகும். கொம்புக் குறி (ெ, ே) பாமினியில் அது சேரும் எழுத்துக்கு முன்னால் தனியாகச் சேமிச்சிருக்கும், யூனிகோடில் அது பின்னால் வர வேணும். கொ, கோ, கௌ வரும் பெயர்களைத் தனியாக எடுத்துச் சோதியுங்க. பாமினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்து, ஆகவே பழைய இன்டெக்ஸில் அப்பர் (UPPER, எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்குறது) போட்டிருந்தால் இரண்டு வேறு பெயர் ஒன்றாகத் தெரியும். வேறு வேறு பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து மில் கிளார்க்கிடம் கொடுத்து, பிழையானதைப் பேனையால் குறிக்கச் சொல்லுங்க. ஆட்களைத் தெரிஞ்சவர் அவர்தான்.

மற்ற இரண்டு பொறி: வெற்றுத் திகதி புது டேட்டாபேஸில் 1899 டிசம்பர் 30 என்று வந்து நிற்கும், அதை நல் (NULL, மதிப்பே இல்லை) ஆக்குங்க. அழிச்ச ரெக்கோட் டி.பி.எஃப்-இல் குறியோடு கிடக்கும், செட் டெலிட்டட் ஒன் (SET DELETED ON) இல்லாமல் வாசிச்சால் பழைய முற்பணம் உயிர்த்தெழும். ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாவை வாசிக்கிற ஓ.எல்.இ டி.பி டிரைவர் 32 பிட் மட்டும், ஆகவே டேட்டாவை மாற்றுற ஸ்கிரிப்டும் 32 பிட்டில் ஓட வேணும்.

கல்லடிப்பாலம்:

ஒன்று விட்டுப்போச்சு. புது மெஷினில் பில் பிரிண்ட் கோணலாக வந்தால் ரிப்போர்ட்டைத் திரும்ப வரையப் போகாதீங்க. ரிப்போர்ட் வடிவம் இருக்கிற எஃப்.ஆர்.எக்ஸ் பைலும் ஒரு டேபிள்தான். திறந்து முதல் ரெக்கோட்டில் எக்ஸ்பிரஷன் (EXPR), டேக் (TAG), டேக் 2 (TAG2) ஃபீல்டுகளைப் பாருங்க. பழைய பிரிண்டரின் செட்டிங் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். டேக், டேக் 2 இரண்டையும் வெறுமையாக்கி, எக்ஸ்பிரஷனில் கடதாசி அளவு, நீள அகலம், திசை (நெடுக்கா கிடையா) வரிகளை மட்டும் வைச்சுக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டு, திரும்ப பில்ட் பண்ணுங்க.