பத்தரமுல்லைப் பக்கம் புதுச் சாப்பாட்டுக் கடைகள்: போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெலவத்தைக்காரி:
கொழும்புக்குப் பக்கத்தில் செத்சிறிபாய, இசுறுபாய என்று அரசாங்கக் கந்தோர்கள் நிறைந்த ஊர் என்பதால் பத்தரமுல்லையில் மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சல் எப்போதும் கிடைக்கும். இரவில் வெளியே சாப்பிட வேண்டுமென்றால் வெள்ளவத்தைக்கோ கொள்ளுப்பிட்டிக்கோ போன காலம் ஒன்று இருந்தது. இப்போது 174 பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து தலவத்துகொட வரைக்கும் வாருங்கள். கொரியன், ராமென், பர்கர், மொட்டைமாடிக் கஃபே என்று மாதத்துக்கு மாதம் புதுப் பெயர்ப்பலகை. எதற்குப் போகலாம், எதைத் தவிர்க்கலாம் என்று போனவர்கள்தான் சொல்ல வேண்டும். கடைப் பெயரைப் போட்டுச் சண்டை வேண்டாம், நடந்ததைச் சொன்னால் போதும்.

நான் தொடங்குகிறேன். இவருடைய பிறந்தநாளுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு புதிதாகத் திறந்த ஒரு கடைக்குப் போனோம். மெனுவில் 'யாழ்ப்பாண நண்டு பாஸ்தா' என்று இருந்தது. கோட்டையில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டுச் சாப்பாட்டுக் கடை வந்த பிறகு கொழும்பில் நண்டுக்கு வந்த மவுசு தெரிந்ததுதானே. அதோடு யாழ்ப்பாணத்தையும் சேர்த்துவிட்டால் விலையைக் கூட்டலாம் போலிருக்கிறது. கறுப்புத் தட்டில் செம்மஞ்சள் நிறக் கிரீம், மேலே அலங்காரத்துக்கு ஒரு நண்டுக் கால், அதன் மேல் பொரித்த முருங்கையிலை ஒன்றே ஒன்று. வறுத்து இடித்த தூளின் வாசம் இல்லை, பெருஞ்சீரகம் இல்லை, உறைப்பு மருந்துக்கும் இல்லை. முருங்கையிலை நண்டுக் கறியை இறக்கும்போது கைநிறையப் போட்டு மூடிவிடுகிற சாமான். தட்டுக்குப் பொட்டு வைக்கிறதற்கில்லை. மாமி ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இதுக்குள்ள நண்டு குளிச்சிட்டுப் போயிருக்குப் பிள்ளை" என்றார்.

ஆனால் அதே கடையில் கணவாய்ப் பொரியல் எடுத்தோம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ரப்பர் மாதிரி இழுபடவில்லை, தேசிக்காய் பிழிந்ததும் கையை எடுக்க முடியவில்லை. ரெண்டாவது தட்டும் சொன்னோம். சமைக்கத் தெரிந்த ஆட்கள்தான், பெயர் வைக்கிறவர்தான் வேறு யாரோ.

வெள்ளவத்தை மாமா:
சாப்பாட்டை விடுங்கள் தங்கச்சி, பில்லைப் பார்த்தீர்களா? மெனுவில் விலைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒரு வரி இருக்கும். நாங்கள் நாலு பேர் போனோம். மெனுக் கணக்கில் 12,000 ரூபா. அதற்கு 10% சேவைக் கட்டணம் 1,200. இரண்டையும் கூட்டி வரும் 13,200க்கு 18% வற் (பெறுமதி சேர் வரி), அதாவது 2,376. கையில் வந்த பில் 15,576. சில கடைகளில் 2.5% சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் தனியாக நிற்கும். வற் 2024 ஜனவரியில் 15இல் இருந்து 18க்கு ஏறியது, அது கடைக்காரரின் குற்றமில்லை. சேவைக் கட்டணம் அப்படியில்லை, அது அரசாங்க வரியே அல்ல, கடை போடுகிறது. பார்சல் எடுத்தாலும் சில இடத்தில் அதைப் போடுகிறார்கள். யார் எனக்குச் சேவை செய்தது, பையைக் கட்டினவரா?

இன்னொன்று. வற் அறவிடுகிற கடை அதற்குப் பதிவு செய்திருக்க வேண்டும், பில்லில் அந்த இலக்கம் இருக்க வேண்டும். ஒருநாள் இலக்கம் இல்லாத பில் வந்தது. கேட்டேன். மனேச்சர் உள்ளே போய்விட்டு வந்து, 'சிஸ்டம் பிழை சேர்' என்று வற் இல்லாத பில்லைத் தந்தார். நல்ல சிஸ்டம்!

தண்ணீர்ப் போத்தலையும் பாருங்கள். கேட்காமலே மேசையில் வைப்பார்கள். 2025 ஏப்ரலில் இருந்து உள்ளூர்ப் போத்தல் தண்ணீருக்கு உச்சவிலை இருக்கிறது: 500 மில்லிலீட்டர் 70 ரூபா, ஒரு லீட்டர் 100 ரூபா. அதற்கு மேல் போட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம். நான் அடிக்கவில்லை, போத்தலைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ரெண்டு பிள்ளைகளின் அப்பா:
பாட்டுச் சத்தம். பக்கத்தில் இருக்கிற மனிசியோடு கதைக்க வட்ஸ்அப் பண்ண வேண்டியிருந்தது. பிள்ளைக்கதிரை கேட்டால் 'ஒன்றுதான் சேர், அந்த மேசையில்' என்றார்கள். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறி:
எங்கள் வீட்டில் வெள்ளி மச்சம் இல்லை. கந்தசஷ்டி வந்தால் ஆறு நாளும் இல்லை. வெள்ளவத்தையில் இது ஒரு பிரச்சினையே இல்லை, சைவக் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு அலுவலகத்தில் அம்மாவின் அலுவலை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி ரெண்டு. பசி. பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட கடை, மெனுவில் பச்சை இலை அடையாளம் போட்டு 'மரக்கறி இடியப்பத் தட்டு'. பரிமாற வந்த பொடியனிடம் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இல்லை என்று சத்தியம் பண்ணாத குறை.

தட்டு வந்தது. சொதி, பருப்பு, பக்கத்தில் சிவப்பாகச் சம்பல். அம்மா விரலால் கொஞ்சம் தொட்டு மணந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டார். மாசிக் கருவாடு. தேங்காய்ப் பூவுக்குள்ளே மண்ணிறமாகத் தூள் தூளாகக் கிடந்தது, கண்ணாடி போடாத எனக்கே தெரிந்தது. பொடியனைக் கூப்பிட்டுக் காட்டினால், 'அது மீன் இல்லை மிஸ், உம்பலகட' என்கிறான்! மாசிக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அவனைக் கோபிக்கவும் முடியவில்லை. அவன் வீட்டில் அது உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சரக்கு. தட்டை எடுத்துக்கொண்டு போய், குசினியில் புதிதாகத் தேங்காய் திருவிச் சம்பல் போட்டுக் கொண்டுவந்தார்கள், அதற்குக் காசும் எடுக்கவில்லை. அம்மா சொதியோடு நாலு இடியப்பம் சாப்பிட்டார், சம்பலைக் கடைசிவரை தொடவில்லை.

ஆகவே, 'மரக்கறியா' என்று கேட்டுப் பிரயோசனமில்லை. கட்டா சம்பல், சீனிச் சம்பல் ரெண்டுக்கும் மாசி போட்டதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சைனீஸ் கடை என்றால் மரக்கறி ஃப்ரைட் றைஸுக்கு ஒயிஸ்டர் சோஸ், கோழிக் கியூப். கொத்து என்றால் கல்லைத் துடைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள், முதல் ஆளின் கோழி அதில்தான் கிடக்கும்.

மாபோலை நானா:
மரக்கறி அக்கா சொன்னது எங்களுக்கும் பொருந்தும். வாசலில் 'பன்றி இறைச்சி இல்லை' என்று ஒட்டியிருப்பதைப் பார்த்து ஹலால் என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் நிறைய. கோழி எங்கே வாங்கினது? சோஸுக்கு வைன் ஊற்றினதா? சான்றிதழ் இருந்தால் சுவரில் மாட்டியிருப்பார்கள், கிட்டப்போய்த் திகதியைப் பாருங்கள். 2013இல் உலமாக்களின் சபையான ஜம்இய்யதுல் உலமா சான்றிதழ் கொடுக்கிற வேலையை விட்ட பிறகு ஹலால் அங்கீகாரப் பேரவைதான் கொடுக்கிறது. தலவத்துகொடையில் ஒரு பர்கர் கடையில் மாட்டியிருந்தது காலாவதியானது. காசுப் பெட்டியில் இருந்தவரிடம் சொன்னேன். மறுபடி போனபோது புதுச் சான்றிதழ் தொங்கவில்லை, பழையதைக் கழற்றியிருந்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது, ஆனால் மீன் பர்கர்தான் எடுத்தேன். பரவாயில்லை, பணிஸ் நல்லது.

ஹட்டன் பொடியன்:
நான் இந்தப் பக்கத்துக் கடை ஒன்றில் குசினியில் வேலை செய்கிறேன், அதனால் எங்கே என்று சொல்லமாட்டேன். எங்களைப் போல மலைநாட்டுப் பொடியன்மார் இந்தக் கடைகளில் நிறையப் பேர் இருக்கிறோம், தமிழில் கேட்டால் உள்ளே போட்டதைச் சரியாகச் சொல்வோம். தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.

திறந்த புதிதில் மெனு புத்தகம் மாதிரி இருக்கும். அதை நம்பாதீர்கள். அறுபது வகை போட்டால் அதில் பாதி ஃப்ரீசரில்தான் இருக்கும், வேறு வழியில்லை. கொஞ்ச மாதத்தில் விலைப்படாததைத் தூக்கிவிடுவார்கள், அதற்குப் பிறகு வந்தால் மிஞ்சியிருக்கிறதெல்லாம் நாங்கள் தினமும் கை பழகிச் செய்கிறவை. வெள்ளி, சனி இரவு வராதீர்கள். மேசை காலியாக இருக்கும், ஆனால் உள்ளே ஊபர், பிக்மீ ஓடர் வரிசை கட்டி நிற்கும். நீங்கள் வெயிட்டரை முறைக்கிறீர்கள், அவர் எங்களை முறைக்கிறார். கிழமை நாளில் ஏழு மணிக்கு வந்தால் செஃப்பே வெளியே வந்து கதைப்பார்.

மாமா கேட்ட சேவைக் கட்டணம்: எங்கள் கடையில் மாதக் கடைசியில் எல்லோருக்கும் பிரித்துத் தருகிறார்கள், பாத்திரம் கழுவுகிறவருக்கும் உண்டு. சம்பளத்தை விட அதை நம்பித்தான் சில பேர் நிற்கிறார்கள். எல்லாக் கடையிலும் அப்படியில்லை. கொடுக்கிற கடையா என்று வெயிட்டரிடம் மெதுவாகக் கேட்டால் சொல்லிவிடுவார். பார்சலுக்குப் போடுவது எனக்கும் சரியாகப் படவில்லை, மாமா.

பெலவத்தைக்காரி:
தம்பி, அப்போ அந்த நண்டுப் பாஸ்தாவும் கொஞ்ச மாதத்தில் தூக்கப்படுமா?

ஹட்டன் பொடியன்:
இல்லை அக்கா. அதைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள்.