மாஸ்டரிங்குக்குத் தமிழ்: 'ஒலிவார்ப்பு' சரிப்படுமா?

நண்பர்களே,

'மாஸ்டரிங்' என்ற வேலைக்கு நம் குழுவில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். தனித்தனியாகப் பதிவான குரலையும் கருவிகளையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலப்பது மிக்ஸிங்; கலந்து முடிந்ததை மொத்தமாகத் திருத்தி, தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஆக்குவது மாஸ்டரிங். வந்த கருத்துகளில் ஒன்று:

> மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் கடைசியில் ஒன்றுதானே, இரண்டுக்கும் 'ஒலிச்சீரமைப்பு' போதும்.

போதாது ஐயா. ஒரு பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் எந்தெந்த வேலைக்குப் பெயர் தேடுகிறோம் என்பது தெளிவாகிவிடும். சோல் இசை கேட்பவர்கள் அடிக்கடி சண்டை போடும் பாட்டு, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்'. 1971 ஜனவரியில் சிங்கிளாக வந்தது, அதே பெயருள்ள ஆல்பம் மே மாதம் வந்தது. (மோட்டவுன் நிறுவனம் அதை வெளியிட்ட லேபிளின் பெயர் டாம்லா. தமிழோடு ஒரு சம்பந்தமும் இல்லை, யாரும் கட்டுரை எழுதக் கிளம்பிவிட வேண்டாம்.)

சிங்கிள் என்பது நிமிடத்துக்கு 45 சுழற்சி ஓடும் ஏழு அங்குலத் தட்டு. வானொலியிலும் சின்ன ஒலிபெருக்கியிலும் கேட்பதற்காகவே மோனோவில், அதாவது ஒரே தடத்தில், கலந்தது. ஆல்பத்தில் இருப்பது ஸ்டீரியோ, அதற்கென்று தனியாகக் கலந்தது. ஸ்டீரியோவின் இரண்டு தடங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சிங்கிள் கிடைத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள், கிடைக்காது. அப்படிச் சேர்க்கும்போது இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கும் நடுக்குரல், பேஸ் கிட்டார் போன்றவை ஓரத்தில் மட்டும் இருப்பவற்றைவிட ஏறத்தாழ 3 டெசிபல் தூக்கலாகிவிடும். அது பாட்டைக் கலந்தவர் கேட்ட அளவு அல்ல. முடிவும் வேறு. சிங்கிள் மெல்ல மங்கி முடியும், ஆல்பத்தில் இடைவெளியே இல்லாமல் அடுத்த பாட்டுக்குள் போய்விடும்.

இதோடு முடியவில்லை. ஆல்பத்தை முதலில் டெட்ராய்ட்டில் 1971 ஏப்ரலில் கலந்தார்கள், அது ஒதுக்கப்பட்டு லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி கலந்ததுதான் கடைக்கு வந்தது. டெட்ராய்ட் கலவை 2001இல் வந்த டீலக்ஸ் பதிப்பில்தான் எல்லோர் கைக்கும் கிடைத்தது, அதே பதிப்பில் சிங்கிளும் உண்டு. ஆக, ஒரே பாட்டு, ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த ஒரே பேஸ், ஆனால் மூன்று கலவைகள். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களிடம் இதற்குச் சொல் கேட்டால் பாடபேதம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள், எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஆனால் நாம் தேடுவது அந்த வேலைக்கு அல்ல.

நாம் தேடுவது இதற்கு அடுத்த கட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் கலவை நாடா என்ற ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்பி எனும் ஆல்பத் தட்டை வெட்டுபவர் தாழ்ந்த சுரங்களின் ஒலி அதிகமானால் ஊசி தாவுமே என்று கொஞ்சம் அடக்குவார், பக்கத்தின் நீளம் பார்த்து மொத்த அளவைக் குறைப்பார். 80களில் வந்த பழைய சிடிகளில் பல (இந்த ஆல்பத்தைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்) அப்படி எல்பிக்கென்று திருத்தி வைத்த நகல் நாடாவிலிருந்தே எடுக்கப்பட்டதால் மந்தமாக ஒலிக்கும். பிற்பாடு வேறொருவர் அசல் நாடாவைத் தேடி எடுத்து உச்சச் சுரங்களின் ஒலியைக் கூட்டுவார். இன்னொருவர், சிடியில் ஒலியளவுக்கு ஒரு கூரை இருப்பதால், தாளத்தின் மேல்முனைகளைத் தட்டையாக்கி மற்றதையெல்லாம் உயர்த்தி எல்லாமே சத்தமாகக் கேட்கும்படி செய்துவிடுவார். மூன்று பேரும் கலவையைத் தொடவே இல்லை. குரலை மட்டும் ஏற்ற அவர்களால் முடியாது, மொத்தமாகத்தான் எதையும் செய்ய முடியும். இந்த வேலைக்குத்தான் பெயர் வேண்டும். இதையும் கலவையையும் 'ஒலிச்சீரமைப்பு' என்ற ஒரே கோணிக்குள் கட்டினால், 'சிங்கிள் நன்றாக இருக்கிறதா, 2001 சிடி நன்றாக இருக்கிறதா' என்று பொருளில்லாத கேள்வி பிறக்கும். அதுதான் இங்கே பிறந்திருக்கிறது.

> 'மேம்பாடு' அல்லது 'மெருகேற்றல்' என்று வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், அதுதான் கஷ்டம். பழைய படம் மறுவெளியீடாக வரும்போது சுவரொட்டியில் போட அது நல்ல சொல். ஆனால் அது தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கெட்டுப்போன ஒன்றைப் பற்றி 'இந்த மெருகேற்றல் மோசம்' என்று எப்படி எழுதுவது? செய்த வேலைக்குத்தான் பெயர் வைக்க வேண்டும், அதன் வெற்றிக்கு அல்ல.

'முதன்மைப்படுத்தல்' என்பது முன்னுரிமை கொடுப்பதற்கு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, தள்ளிவிடலாம்.

'தாய்ப்படியாக்கம்' என்ற யோசனைக்கு நானும் கொஞ்சம் மயங்கினேன், அழகாக இருக்கிறது. தடை எங்கே வருகிறதென்றால் தட்டு அச்சடிக்கும் ஆலையில். வெட்டிய தட்டின்மேல் நிக்கல் படியவைத்து உரித்தால் கிடைப்பதை அவர்கள் தந்தை என்பார்கள், அதிலிருந்து எடுப்பதைத் தாய் என்பார்கள், தாயிலிருந்து எடுப்பதுதான் தட்டை அழுத்தும் அச்சு. எல்பிக்கும் சிடிக்கும் இதே முறைதான். அங்கே ஒரு தாய் இருக்கும்போது இங்கேயும் ஒரு தாயை வைத்தால், யாராவது ஆலையைப் பற்றித் தமிழில் எழுதும் நாளில் இரண்டு தாய்களும் மோதிக்கொள்வார்கள்.

என் யோசனை 'ஒலிவார்ப்பு'. உலோகம் அதேதான், வார்க்கும்போது மொத்தமாக ஒரு வடிவம் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் தாமிரத்தை மட்டும் தனியாக எடுக்க முடியாது. அப்புறம் எனக்கு முக்கியமானது, இது நன்றாகக் கிளைக்கிறது. கலவை, மறுகலவை என்பதுபோல வார்ப்பு, மறுவார்ப்பு. செய்பவர் ஒலிவார்ப்பர். எண்ணவும் முடிகிறது: 'ஆல்பக் கலவையின் 2001 வார்ப்பு', 'சிங்கிள் கலவைக்கு இதுவரை வந்த வார்ப்புகள்'. 1971ஆம் ஆண்டின் மோட்டவுன் சிங்கிள்களை முழுமையாகத் தொகுத்த சிடி வரிசையில் இருக்கும் மோனோவையும் டீலக்ஸ் பதிப்பில் இருக்கும் மோனோவையும் ஒப்பிடுகிறவர் 'ஒரே கலவை, இரண்டு வார்ப்பு' என்று நாலு சொல்லில் முடித்துவிடலாம். வார்ப்பிரும்பு நினைவுக்கு வருகிறது என்று யாராவது சொல்வார்கள். வரட்டுமே, பழகிவிடும்.

ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். இந்தப் பாட்டில் கேட்க வேண்டிய இடம் மார்வின் கேயின் இரண்டு குரல்களும் சேரும் இடம். ஒப்பிட்டுப் பார்க்கத் தனித்தனியாகக் கேட்ட இரண்டு பதிவுகளை ஒலிப்பொறியாளர் தவறுதலாக ஒன்றாக ஓடவிட, பாடகருக்கு அது பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார் என்பது பிரபலமான கதை. இறுக்கிப் பிழிந்த வார்ப்பில் இந்த இரண்டு குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பின்னால் நிற்கும் பேச்சுக்குரல்கள் முன்னால் வந்து நிற்கும்.

'இறுக்கி' என்று எழுதியது தெரிந்தேதான். எம்பி3 கோப்பைச் சிறிதாக்குவதும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பதும் ஆங்கிலத்தில் 'கம்ப்ரெஷன்' என்ற ஒரே பெயரில் திரிவதால் பாதிப்பேர் குழம்புகிறார்கள். தமிழில் முன்னது சுருக்கம், பின்னது இறுக்கம் என்று பிரித்துவிட நமக்கு ஒரு வாய்ப்பு, விட வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆல்பத்தில் இந்தப் பாட்டு அடுத்ததோடு ஒட்டியிருப்பதால், சிறந்த பாடல்கள் தொகுப்பு போடுபவர் ஸ்டீரியோ கலவையை எடுத்தால் எங்காவது மங்கவைத்தோ வெட்டியோ ஆகவேண்டும். அதைச் செய்வது பெரும்பாலும் வார்ப்பவர்தான், ஆனால் செய்வது வெட்டு. அதை வார்ப்பில் சேர்ப்பதா, 'தொகுப்பு வெட்டு' என்று தனியாக வைப்பதா? எனக்குத் தனியாக வைப்பதே சரியென்று படுகிறது. திரைப்படத் தொகுப்பில் இருப்பவர்கள் இந்தக் குழுவில் உண்டு, அவர்கள் சொல்லுங்கள். எதையும் கூட்டாமல் குறைக்காமல் நாடாவை அப்படியே மாற்றுவதற்கு 'நேர்ப்படி' என்று எழுதலாமென்று இருக்கிறேன், மறுப்பு இருந்தால் அதையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.